எந்த ஜவ்வு கிழிந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

தோள்பட்டைக்கான நுண்துளை அறுவை சிகிச்சை பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, 'ஜவ்வு கிழிந்தாலும் கவலை வேண்டாம், இரண்டு துளை போதும், மறுநாளே வீடு' என்று முடிந்திருந்தது. மறுநாள் வீட்டுக்குப் போவது உண்மைதான். வேலைக்குப் போவது வேறு கணக்கு. அதைவிட எங்களை உறுத்தியது 'ஜவ்வு' என்ற சொல். முழங்காலிலும் ஜவ்வு, முதுகிலும் ஜவ்வு, தோளிலும் ஜவ்வு என்கிறோம். தோளில் மட்டுமே அந்தச் சொல்லுக்குள் மூன்று தனித்தனிப் பாகங்கள் அடங்கிவிடுகின்றன. மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

முதலாவது, தோள் மூட்டின் கிண்ணத்தைச் சுற்றியுள்ள விளிம்பு. கிண்ணம் ஆழமில்லாதது; அதற்கு ஆழம் கூட்டுவது இந்த விளிம்புதான். கபடியிலோ பைக்கிலிருந்து விழுந்தோ தோள் முன்பக்கமாக இறங்கும்போது, அதாவது மூட்டு கிண்ணத்தை விட்டு நழுவும்போது, இது எலும்பிலிருந்து பிய்ந்துவிடும். இருபது வயதுக்குள் ஒருமுறை இறங்கிய தோள் மறுபடி இறங்கும் வாய்ப்பு மிக அதிகம். பிய்ந்த இடத்தில் சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள, நூல் கோத்த சிறு ஆணிகளான 'ஆங்கர்'களை, பெரும்பாலும் மூன்று நான்கு, எலும்பில் பதித்து, அவற்றின் நூலால் விளிம்பை இழுத்துக் கட்டுவார்கள். ஆனால் பலமுறை இறங்கிய தோளில் கிண்ணத்தின் எலும்பே தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானம் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் தையல் மட்டும் நிற்காது. பக்கத்து எலும்புத் துண்டு ஒன்றைத் தசைநாணோடு (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) எடுத்துவந்து கிண்ணத்தின் முன்புறம் திருகாணியால் பொருத்த வேண்டும். அதைப் பெரும்பாலும் திறந்துதான் செய்கிறார்கள். அங்கே துளைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர், மறுபடி இறங்கும் தோளைக் கேட்டு வாங்குகிறார். தேய்மானத்தை அளக்க எம்ஆர்ஐயைவிட சி.டி. ஸ்கேன் தெளிவானது.

இரண்டாவது, 'ரொட்டேட்டர் கஃப்' எனப்படும் நான்கு தசைகளின் நாண்கள். நாற்பதுக்கு மேல் கிழிவது பெரும்பாலும் இதுதான். கையைத் தூக்கினால் வலிக்கும். இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஸ்கேன் எடுத்தால், வலியே இல்லாத தோளிலும் கிழிசல் தெரிவதுண்டு. ஆகவே ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து மட்டும் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கக்கூடாது. சில மாதப் பிசியோதெரபியிலேயே பலருக்குச் சரியாகிவிடும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. விழுந்த அன்றிலிருந்து கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் தாமதிக்கக்கூடாது. எண்ணெய் தேய்த்துக் கட்டுப்போட்டு ஆறு மாதம் போக்கினால், அறுந்த நாண் உள்ளே சுருங்கிக்கொள்ளும். தசை கொழுப்பாக மாறும். அந்தக் கொழுப்பு எந்தத் தையலுக்கும் மறுபடி தசையாகாது.

மூன்றாவது, மூட்டின் உறை. இங்கே சிக்கல் கிழிசல் அல்ல, உறை தடித்து இறுகிவிடுவது. அதுதான் ஃப்ரோசன் ஷோல்டர். சர்க்கரை நோயாளிகளுக்கு இது அதிகம். பிரிட்டனில் 503 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வு, ஸ்டீராய்டு ஊசியோடு பிசியோதெரபி, மயக்கம் கொடுத்துக் கையை அசைத்து விடுவித்தல், நுண்துளை வழி உறையை வெட்டுதல் மூன்றையும் ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் எதுவும் மற்றதைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை. கடுமையான பக்கவிளைவு உறையை வெட்டிக்கொண்டவர்களுக்கே கூடுதல். உறை இறுகாத தோள்வலிக்கு, நாண் மேல் எலும்பில் உரசுகிறது என்று சொல்லி, 'எலும்பைச் சுரண்டி இடம் பண்ணிவிட்டால் வலி போகும்' என்பதும் இப்படித்தான். 2018இல் லான்செட் இதழில் வந்த 313 பேர் ஆய்வில், எலும்பைச் சுரண்டிக்கொண்ட நோயாளிகளுக்கும், உள்ளே கேமராவை விட்டுப் பார்த்ததோடு நிறுத்தப்பட்டவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசமில்லை.

துளை சிறிது என்பதால் உள்ளே நடப்பதும் சிறிது என்று நினைக்க வேண்டாம். 4 மி.மீ. கேமராவைத் தோளின் பின்புறமாக நுழைத்து, 3 லிட்டர் செலைன் பைகளைத் தொங்கவிட்டு, பம்ப் அழுத்தத்தில் மூட்டை விரித்துத்தான் வேலை செய்கிறார்கள். செலைன் சுற்றுத் தசைக்குள் கசிவதால் தோள் வீங்கியிருக்கும். ஓரிரு நாளில் வடிந்துவிடும், பயப்பட வேண்டாம். கழுத்தில் போடும் மரத்துப்போகும் ஊசி, அந்தப் பக்க உதரவிதானத்தையும் (மூச்சுவிட உதவும் தசை) சில மணி நேரம் செயலிழக்கச் செய்யக்கூடும். நுரையீரல் கோளாறு உள்ளவர்கள் அந்தக் கோளாறை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசியின் வேகம் குறைவது அநேகமாக நள்ளிரவில். வலி மாத்திரையை அதற்கு முன்பே விழுங்கிவிடுவது நல்லது.

கிழிந்த நாணுக்குப் போட்ட தையல் தோற்பது எப்படி? பெரும்பாலும் நூல் அறுவதில்லை. நூல் பிடித்திருக்கும் நாண்தான் நைந்த துணிபோலக் கிழிகிறது. நாண் எலும்போடு ஒட்ட ஏறக்குறைய 12 வாரம் ஆகும். வலியோ அதற்கு வெகு முன்பே குறைந்துவிடும். அப்போது ஸ்லிங்கை (கையைத் தாங்கும் பட்டை) கழற்றிவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது, பைக்கை ஸ்டாண்ட் போடுவது, இவற்றில்தான் பாதி வினை. பொதுவாக ஸ்லிங் 4 முதல் 6 வாரம். விரல், மணிக்கட்டு, முழங்கை அசைவு முதல் நாளிலிருந்தே. பிறர் பிடித்துத் தூக்கிவிடும் பயிற்சி அடுத்து. தானாகத் தூக்குவது ஏறத்தாழ 6 வாரத்துக்குப் பிறகு. எடை 12 வாரத்துக்குப் பிறகு. பாரம் சுமக்கும் வேலைக்கு 4 முதல் 6 மாதம். பயந்துபோய் மூன்று மாதம் ஸ்லிங்கைக் கழற்றாதவர்களுக்கு இறுக்கம் வருகிறது, அதுவும் தோல்விதான். புகைப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் ஒட்டுவது தாமதமாகும்.

ஆங்கருக்குத் தனி விலை என்பதால், எத்தனை போடப் போகிறார்கள், ஏன் என்று முன்பே கேட்பதில் தவறில்லை. ஒவ்வொன்றின் அளவும் உலோகமா பிளாஸ்டிக்கா என்பதும் அச்சிட்ட ஸ்டிக்கர் பெட்டியோடு வரும். அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பின்னாளில் எம்ஆர்ஐ எடுக்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

– எலும்பு மூட்டு மருத்துவர், இயன்முறை மருத்துவர் இருவர்,
மதுரை