நகைக்கடன் செயலியில் கசியும் இரகசியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் முப்பது ஆண்டுகள் கணினிப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். உறவினர் ஒருவருக்கு உதவுவதற்காகச் சென்ற மாதம் ஒரு நகைக்கடன் நிறுவனத்தின் செயலியைத் திறந்தபோது கண்ட குறையைத் தங்கள் நாளிதழ் வழியே தெரிவிக்க விரும்புகிறேன்.

அச்செயலியில் ஒருவரின் கைபேசி எண்ணையும் வாயில் வந்த கடவுச்சொல்லையும் இட்டால், அவருக்கு அங்கே கடன் இருக்கும்போது 'கடவுச்சொல் தவறு' என்றும், இல்லாதபோது 'இந்த எண்ணில் கடன் ஏதும் இல்லை' என்றும் பதில் வருகிறது. தொகையோ நகையின் எடையோ திரையில் வருவதில்லைதான். ஆனால் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வீட்டின் நகை அடகில் இருக்கிறதா என்பதை, எண் தெரிந்த எவரும் இருந்த இடத்திலிருந்தே அறிந்துவிடலாம். நிறுவனத்தாரிடம் சொன்னேன், தகவல் முழுவதும் குறியாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றி வைத்தல்) செய்யப்பட்டிருக்கிறது என்றார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். கசிவோ, கடன் உண்டா இல்லையா என்று பார்த்து வெவ்வேறு பதில் தரும், நிரலின் ஒற்றை 'இஃப்' (நிபந்தனை) வரியில் இருக்கிறது.

என் தந்தையார் தேவகோட்டையில் ஒரு வட்டிக்கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். இன்னாருக்குக் கடன் உண்டா என்று யார் வந்து கேட்டாலும், பேரேட்டைத் தொடாமலேயே, "அவரையே அழைத்து வாருங்கள்" என்பார். கடன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே பதில், அதே முகம். மறைவான தகவல் எப்படி மாறினாலும் வெளியாள் காணும் விடை மாறக்கூடாது என்னும் இப்பண்பைத்தான் கோகுவென், மெசெகர் என்ற ஆய்வாளர்கள் 1982இல் 'குறுக்கிடாமை' என்று வரையறுத்தார்கள்.

அதற்கு முன்பே, 1977இல், டோரதி டென்னிங்கும் பீட்டர் டென்னிங்கும், மறைவான தகவல் பொதுவான இடத்துக்கு ஒழுகுகிறதா என்பதை நிரலை ஓட்டிப் பார்க்காமல் கம்பைலர் (நிரலைக் கணினிக்குரிய மொழிக்கு மாற்றும் மென்பொருள்) நிலையிலேயே சரிபார்க்கலாம் என்று காட்டினார்கள். நேரடியாக எடுத்துக் கொடுப்பதோடு, நிபந்தனையின் வழியே மறைமுகமாகக் கசிவதையும் அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். 1999இல் ஆண்ட்ரூ மையர்ஸ் இக்கருத்தை ஜாவா என்னும் நிரல்மொழியோடு இணைத்து ஜேஃப்ளோ மொழியை வடிவமைத்தார். கடவுச்சொல் சரியா தவறா என்பதை எப்படியும் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதால், முழுக் குறுக்கிடாமை நடைமுறைக்கு ஒவ்வாது. ஆகவே, எதை, எந்த வரியில், யாருடைய அதிகாரத்தின்பேரில் வெளியே விடுகிறோம் என்பதை நிரலிலேயே வெளிப்படையாக எழுதவேண்டும் என்று அம்மொழி வற்புறுத்துகிறது. தணிக்கை செய்பவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கவேண்டிய வரிகள் எவை என்பது அதனால் தெரிந்துவிடுகிறது.

இவற்றை நான் என் மாணவர்களுக்கு நடத்தவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. நம் பகுதிக் கல்லூரிகள் குறியாக்கத்துக்குத் தரும் இடத்தில் பாதியையாவது இதற்குத் தரவேண்டும். தனிநபர் தரவுகளைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று 2023ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும்போது, செயலி எழுதி வாங்கும் நிறுவனங்களும் இச்சோதனையைக் கேட்டுப் பெறவேண்டும். அந்த நகைக்கடன் நிறுவனம் இப்போதைக்கு 'எண்ணோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை' என்ற ஒரே பதிலை இரண்டு நிலைக்கும் வைக்கட்டும். அதற்கு ஒரு நாள் வேலைகூட ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி ஆசிரியர்,
காரைக்குடி.