ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மதுரை மெட்ரோ ரயில் திட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாமே, ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

மாடி வீட்டு சாருக்கு இன்னும் கோபம் தீரவில்லை. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டர் திட்டம் அது. 20 லட்சம் பேர் இருக்கிற ஊருக்குத்தான் மெட்ரோ என்று 2017 கொள்கை சொல்கிறதாம். மதுரையில் 15 லட்சம்தான் என்று 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பிவிட்டது. "அது 2011 கணக்கு, இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் எப்படி?" என்கிறார். நியாயம்தான். அந்தக் கணக்கில் வராத கூட்டம் வேறு இருக்கிறதே! மீனாட்சியைப் பார்க்க தினமும் வருகிறவர்கள், பெரியாஸ்பத்திரிக்கு சிவகங்கை, ராமநாதபுரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் எல்லோரும் நம் தெருவில்தானே நடக்கிறார்கள்? சித்திரைத் திருவிழாவைச் சொல்லவே வேண்டாம்.

முக்கு ஸ்டாண்டு ஆட்டோ அண்ணன் வேறு மாதிரி பேசுகிறார். "அக்கா, அது வருவதற்குள் என் மகனே ரிட்டயர் ஆகிவிடுவான். அதுவரை மாசி வீதியைத் தோண்டிப் போட்டால் கடைக்காரன் என்ன செய்வான்?" எய்ம்ஸ் ஆஸ்பத்திரியை நினைத்தால் அவர் பயமும் புரிகிறது. தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். முதலில் சேர்ந்த பிள்ளைகள் 2022-இல் ராமநாதபுரத்தில்தான் படிப்பைத் தொடங்கினார்கள்.

நத்தம் ரோட்டு மேம்பாலம் 7.3 கிலோமீட்டர். வெளியூர் போகிறவர்களுக்கு நல்லதுதான், ஆனால் கீழே நடந்து ரோட்டைத் தாண்டுகிறவர்களுக்கு என்ன மாறியது? அதைக் கட்டும்போது 2021-இல் ஒரு பகுதி இடிந்து விழுந்து, பிழைக்க வந்த வடக்கத்தித் தொழிலாளி ஒருவர் செத்துப்போனார். அந்தப் பாலத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் அம்மா நினைவுதான் வருகிறது. அதே ரோட்டில் 2023-இல் திறந்த கலைஞர் நூலகத்தைப் பற்றி மட்டும் யாரும் குறை சொல்லி நான் கேட்கவில்லை.

நம் பக்கம் எல்லோரும் ஒரே வாயாகப் பாராட்டுவது தெப்பக்குளத்தைத்தான். திருமலை நாயக்கர் வெட்டிய குளம், நீ படிக்கிற காலத்தில் காய்ந்து கிடந்தது. பையன்கள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடுவார்கள். தைப்பூசத்துக்குத் தெப்பம் மிதக்காது, நின்ற இடத்திலேயே நிற்கிற நிலைத்தெப்பம்தான். அப்புறம் வைகையில் தடுப்பணை கட்டி, பனையூர்க் கால்வாயைச் சரிசெய்து தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். இப்போது தெப்பம் மிதக்கிறது, படகு ஓடுகிறது. சாயங்காலம் குளத்தைச் சுற்றிச் சுண்டல் விற்கிறவர்களும் பூ விற்கிறவர்களும் நான்கு காசு பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா கோடையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு நின்றது உனக்குத் தெரியும். இப்போது அவர் வீட்டு போர்வெல்லில் சித்திரையிலும் தண்ணீர் வருகிறது, நம் வீட்டிலும் வருகிறது. பழைய வாய்க்காலைத் திறந்துவிட்டதில் இத்தனை வீட்டுக்கு விடிவு. இதே மாதிரி அடைபட்டுக் கிடக்கிற வாய்க்கால்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன, அவற்றையும் தூர்வாரச் சொல்லித்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரட்டும். அதற்கு முன்னால் டவுன் பஸ் கூடுதலாக ஓட வேண்டும். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதிலிருந்து நான் எங்கே போனாலும் பஸ்தான். ஆனால் நம் ஸ்டாப்பில் நிழலும் கிடையாது, உட்கார இடமும் கிடையாது. பிளாட்பாரம் முழுக்க பைக் நிற்கிறது. முழங்கால் வலியோடு வருகிற பாட்டிகள் ரோட்டில் இறங்கித்தான் நடக்கிறார்கள்.

வார்டில் பகுதி சபைக் கூட்டம் போடும்போது இதைக் கேட்கலாம் என்று நாங்கள் சில பெண்கள் பேசி வைத்திருக்கிறோம். வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், மனுவாகக் கொடுக்க வேண்டும். நீ அழகாக எழுதுவாய். நிழற்குடை, நடைபாதை, காலையில் கூடுதல் பஸ், இந்த மூன்றையும் வைத்து ஒரு பக்கத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பு. கையெழுத்து வாங்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா