கேணித் திருப்பணி நிறைவு அறிக்கை: மாரி பார்த்த பின் எழுதியது

அன்புடைய அங்கத்தவர்களுக்கும் உபயகாரர்களுக்கும்,

எங்கள் கோயிலின் கேணி, அதற்கு மழைநீர் கொண்டுவரும் வெள்ளவாய்க்கால், மடைப்பள்ளிக் கூரை ஆகிய மூன்று வேலைகளும் புரட்டாசிக் கடைசியில் முடிந்துவிட்டன. அறிக்கை எங்கே என்று அப்போதே பலர் கேட்டார்கள். ஒரு மாரியும் காணாத கேணியை நிறைவு என்று எழுதக் கை வரவில்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழை என்ன செய்தது என்று பார்த்து, தைப்பூசமும் கழிந்த பின் எழுதுகிறோம். நின்றதும் உண்டு, நிற்காததும் உண்டு. வரவு செலவு பற்றுச்சீட்டு இலக்கங்களுடன் களஞ்சிய அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது. இங்கே அதைத் திரும்ப எழுதவில்லை.

கேணி

மேலே 60 அடிக்கு 60 அடி, அடியில் 40 அடிக்கு 40 அடி, ஆழம் 10 அடி. நிறைந்தால் ஏறத்தாழ 7 இலட்சம் லீற்றர் கொள்ளும். அடியில் சராசரி இரண்டரை அடிக்குச் சேறு படிந்திருந்தது. அதாவது 4,000 கன அடி, 40 கியூப். உழவு இயந்திரப் பெட்டிக்கு ஒரு கியூப் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஈரச்சேறு வழிந்ததால் முக்கால்தான் ஏற்ற முடிந்தது. 40 நடை 54 ஆனது. வாடகை கூடியதற்குக் காரணம் அதுதான்.

ஆவணியில் தண்ணீர் நன்றாக வற்றியிருந்த நேரம் பார்த்துத் தொடங்கினோம். மிச்சத் தண்ணீரை ஒரே நாளில் இறைத்துவிடலாம் என்றார்கள். நாளுக்கு ஓர் அடிக்கு மேல் இறைக்க விடவில்லை. உள்ளே தண்ணீர் சடுதியாக இறங்கினால், சுவருக்குப் பின்னால் ஊறி நிற்கும் தண்ணீர் கல்லை உள்ளுக்குத் தள்ளும். பழைய கேணிகளின் சுவர் பல இடங்களில் சரிந்தது இப்படித்தான். மீன்களைப் பக்கத்துக் குளத்தில் விட்டோம்.

மண் வாரும் பெக்கோ இயந்திரத்தை உள்ளே இறக்காததில் சிலருக்கு மனக்குறை. அதன் பாரத்துக்குப் படிக்கல் தாங்காது. அதைவிட, சேற்றுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு சாண் கனத்துக்குக் களி இருக்கிறது. அந்தக் களிதான் தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல இறங்க விடுகிறது. பெக்கோவின் வாளிக்குச் சேறும் களியும் ஒன்று. களி கிழிந்தால் கீழே சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளுக்குள் கேணி இரண்டு கிழமையில் இறங்கிவிடும். ஆகவே மண்வெட்டி, கூடை, சிரமதானம். மண்வெட்டியில் கருஞ்சேறு ஒட்டாமல் சாம்பல் களி வழுக்கத் தொடங்கிய இடத்தில் நிறுத்தினோம்.

அடியில் கொங்கிரீற் போட்டால் என்ன என்ற கேள்வி மூன்று கூட்டங்களில் எழுந்தது. போட்டால் கேணி வைகாசி வரை பளபளவென்று நிற்கும், சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஒரு சொட்டும் போகாது. ஆறில்லாத இந்த மண்ணில் நாங்கள் குடிப்பது கல்லுக்குள் இறங்கிய மாரித் தண்ணீரைத்தான். அது கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் குறைந்தால் உவர் மேலே வரும். கொங்கிரீற் போடவில்லை, இனியும் போட வேண்டாம் என்பதே சபையின் கருத்து. படிகளுக்கு வழுவழுப்பான மாபிள் பதிக்க வெளிநாட்டிலிருந்து வந்த உபயத்தையும் நன்றியோடு தவிர்த்தோம். பாசி பிடித்த மாபிளில் ஈரக்காலோடு யாரும் நிற்க முடியாது. அந்த உபயகாரர் பெருந்தன்மையாக அதே பணத்தைக் கைபிடிச் சங்கிலிக்குத் தந்தார்.

சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். இடையில் ஒருமுறை பூசிய சீமெந்து பலகை பலகையாகக் கழன்றிருந்தது. காரணம் தெரிந்ததே: ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு உள்ளே பூத்துப் பூச்சைத் தள்ளுகிறது. அதை முழுவதும் உடைத்து, சுண்ணாம்பைக் குழியில் மூன்று கிழமை ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்து இடைவெளிகளை அடைத்தோம். மணல் ஆற்று மணல். அனுமதிப் பத்திரத்துக்கு இரண்டு கிழமை காத்திருந்தோம். கடல் மணல் உடனே கிடைத்திருக்கும், உப்பும் கூடவே வந்திருக்கும்.

அந்த இரண்டு கிழமைத் தாமதம்தான் பிழையாகப் போனது. சுண்ணாம்புச் சாந்து இறுக ஒரு மாதமாவது வேண்டும். வடக்குச் சுவரைக் கடைசியாகச் செய்தோம், ஐப்பசி முதல் மழை முன்னதாக வந்தது. ஏறத்தாழ 12 அடி நீளத்துக்குச் சாந்து பால் போலக் கரைந்து ஓடியது. கல் அசையவில்லை. பங்குனியில் தண்ணீர் இறங்கியதும் மீண்டும் அடைக்கப்படும். சுண்ணாம்பு இப்போதே குழியில் ஊறுகிறது.

வெள்ளவாய்க்கால்

மூன்று வீதிகளும் ஒழுங்கையும் சேர்ந்து 32 பரப்பு நிலத்தின் மழை கேணிக்கு வருகிறது. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கில், ஒரு பரப்பில் 100 மில்லிமீற்றர் மழை என்றால் 25,000 லீற்றருக்குச் சற்று மேல். 32 பரப்புக்கு 8 இலட்சம். பாதி மண்ணுக்குள் போனாலும் அப்படி இரண்டு நாள் பெய்தால் கேணி நிறைந்துவிடும். கார்த்திகையில் அது இங்கே அதிசயமில்லை. 2008 நவம்பரில் நிஷா புயல் மழை தேங்கிய கறை வாகனசாலைச் சுவரில் 14 அங்குல உயரத்தில் இன்னும் தெரிகிறது. தண்ணீர் உள்ளே வருவதைவிட வெளியே போவது முக்கியம் என்று முடிவெடுத்தது அந்தக் கறையைப் பார்த்துத்தான். தெற்குப் பக்கத்தில் மண் மூடிக் கிடந்த பழைய கலிங்கை, அதாவது மிஞ்சும் தண்ணீர் வெளியேறும் வழியைத் தோண்டி, கேணியின் மேல்படிக்கு ஓர் அடி கீழே வாசல் வைத்து வயல் வாய்க்காலோடு சேர்த்தோம். அந்தப் பாதைக்குள் வந்திருந்த வேலியை உரிமையாளர் கேட்டவுடன் தானே பின்னுக்கு எடுத்து, கிளுவைக் கதியாலையும் மாற்றி நட்டார்.

வாய்க்கால் 180 அடி நீளம், 2 அடி அகலம், 15 அடிக்கு ஓர் அங்குலம் சரிவு, மொத்தம் 12 அங்குலம். கொங்கிரீற் ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு. கலக்கவும் நனைக்கவும் நல்ல தண்ணீர் மட்டும் பாவித்தோம். பக்கத்தில் உவர்க்கிணறு இருந்தும் அதில் அள்ளவில்லை. ஈரச்சாக்குப் போட்டு ஏழு நாள் நனைத்தோம்.

இவ்வளவு பார்த்தும் ஓரிடத்தில் சறுக்கியது. முதல் மழைக்கு நடுவில் 20 அடி நீளத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. மட்டம் பார்த்த தண்ணீர் ரியூப்பில் ஒரு காற்றுக் குமிழி இருந்திருக்கிறது. குமிழி இருந்தால் இரண்டு முனையும் ஒரே மட்டம் காட்டாது. அந்தக் குமிழி ஒன்றரை அங்குலத்தை விழுங்கிவிட்டது. அந்தப் பகுதியைக் கொத்திச் சரிவை மீட்டோம்; மேசன் அதற்குக் கூலி வாங்கவில்லை. இனி யார் மட்டம் பார்த்தாலும், தண்ணீர் நிரப்பியதும் இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து ஒருதரம் ஒப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கேணி வாசலுக்கு முன்னால் 4 அடிக்கு 4 அடி, 3 அடி ஆழத்தில் மண்தங்கு குழியும் இரும்பு வலையும் வைத்திருக்கிறோம். முதல் மழையில் அங்கே பிடிபட்டவை: பூவரசம் இலை, பனங்கொட்டை, பொலித்தீன், பிள்ளை ஒன்றின் ஒற்றைச் செருப்பு, இரண்டடி மண். இவ்வளவு காலமும் இவையெல்லாம் கேணிக்குள்தான் போயின. குழியில் தண்ணீர் நின்றால் நுளம்பு பெருகும், மாரியும் டெங்கும் இங்கே சேர்ந்தே வருபவை. அதனால் குழியின் அடியில் கொங்கிரீற் இல்லை, சல்லி மட்டும். சல்லி சேற்றால் அடைபட்டால் தண்ணீர் நிற்கும். இந்த மாரியில் மூன்று தரம் கிளற வேண்டியிருந்தது.

மடைப்பள்ளி

கூரையின் கைமரம் எட்டும் சலாகை முழுவதும் மாற்றினோம். அனுமதி பெற்றுத் தறித்த முற்றிய பனைகள். உள்ளிருக்கும் மென்மையான சோற்றியை மிச்சமின்றிச் செதுக்கி, கறுத்த வைரத்தை மட்டும் எடுத்தோம். கழற்றிய பழைய மரங்களில் உளுத்தவை எல்லாம் சோற்றி விட்டுவைத்தவை. அடுப்புப் புகை படிந்த வைரம் இன்னும் கல்லாக இருந்தது. நல்ல ஓடுகளைக் கழுவித் திரும்பப் போட்டோம். திருவெம்பாவை பத்து நாளும் விடிய நாலு மணிக்கு அடுப்பு மூட்டியபோது ஒழுக்கு இல்லை. வடகிழக்கு மூலையில் மட்டும் வாடைக்காற்று சாரலை ஓட்டுக்கு அடியால் ஏற்றுகிறது. அங்கே சரிவு குறைவு, அதற்குப் பீலி உதவாது. இறப்பை ஓர் அடி நீட்டலாம் என்று தச்சர் சொல்கிறார். அடுத்த கூட்டத்தில் தீர்மானிக்கலாம்.

இப்போதைய நிலை

கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல்நாள் கேணி நிறைந்து கலிங்கு பாய்ந்தது. வீதியில் தண்ணீர் ஏறவில்லை. திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமுமாக வீதி சுற்றியவர்கள் முழங்கால் தண்ணீரில் நடக்க வேண்டியிருக்கவில்லை. இன்று மேற்படிக்கு மூன்றரை அடி கீழே தண்ணீர் நிற்கிறது. படிச்சுவரில் அடிக்கணக்குக் கீறியிருக்கிறோம். வெள்ளிதோறும் பூசைக்கு வருபவர் ஒருவர் பார்த்து, மடைப்பள்ளிக் கதவருகேயுள்ள கொப்பியில் எழுதினால் போதும்.

சேற்றை எடுத்துச் சென்ற தோட்டக்காரர்கள் அதை ஒரு மாதமாவது வெயிலில் காயவிட்டு, பொலித்தீன் பொறுக்கிய பின் பரப்பவும். வெளி வீதியில் இன்னும் ஆறு பெட்டிச் சேறு காய்ந்து கிடக்கிறது, தேவையானவர்கள் மாசிக்குள் ஏற்றலாம். மிஞ்சிய நாலு பை சீமெந்து கட்டிபடும் முன் வாசற்படிக்குப் பாவிக்கப்படும். குழி வலையின் திறப்பு களஞ்சிய அறை ஆணியில், சிவப்பு நூல் கட்டியது.

இங்ஙனம்,
திருப்பணிச் சபையினர்