பெற்றோருக்கு: காலாண்டு விவரமும் மதியச் சாப்பாடும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்களும் கைக்கு வந்துவிட்டன. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். கணக்கில் சிலருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். வகுப்பாசிரியர்கள் தனியே பேசுவார்கள். கோ-கோ அணி வென்று வந்தது, அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது. எல்லோருக்கும் வாழ்த்துகள்.

சரி, கேன்டீன் விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூன் மாதக் கூட்டத்தில் உங்களோடு பேசி முடிவெடுத்தபடி, செவ்வாயும் வியாழனும் முட்டை ஃப்ரைடு ரைஸும் உருளைக்கிழங்கு வறுவலும் நின்று, பயறும் கீரையும் சிறுதானியமும் வந்தன. செவ்வாயன்று வரகு சாம்பார் சாதம், பாசிப்பயறுச் சுண்டல், ஒரு காய். வியாழனன்று சோறு, ரசம், கொள்ளுச் சுண்டல், முருங்கைக் கீரைப் பொரியல், அரை எலுமிச்சம்பழம். மற்ற மூன்று நாளும் முட்டை வழக்கம்போல் உண்டு.

முதல் வாரம் கொள்ளு வேகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். இரவே ஊறப்போடாமல் காலையில் போட்டால் கல்லாகத்தான் இருக்கும். கடித்துப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிள்ளைகள் சொன்னது நியாயம்.

அப்புறம் ஒரு வியாழன் முழுக்கக் கை கழுவும் குழாயடியில், எச்சில் வாளிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கீரையிலிருந்த காம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தட்டின் விளிம்பில் ஈர்க்குச்சி மாதிரி வரிசையாக அடுக்கியிருந்தாள். இலையையெல்லாம் தின்றிருந்தாள். கோளாறு கீரையில் இல்லை, ஆய்ந்ததில்தான். இப்போது சமையல் அக்காக்கள் புதன்கிழமை மாலையே கீரை ஆய உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு பாட்டி சொல்லியனுப்பியபடி வறுத்த வேர்க்கடலையைப் பொடித்துத் தூவினோம். அந்த வாரம் வாளிக்கு வந்த கீரை பாதிக்கும் குறைவு.

ஆனால் வாளி நிறைவதற்கு இன்னொரு காரணம் பள்ளி வாசலில் இருக்கிறது. செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் பன்னிரண்டே காலுக்கெல்லாம் கேட்டுக்கு வெளியே பத்துப் பதினைந்து வண்டிகள் நிற்கின்றன. சில்லி சிக்கன், பரோட்டா, நூடுல்ஸ் என்று பொட்டலங்கள் கம்பி வழியாக உள்ளே வருகின்றன. சில நாள் டெலிவரி பையனே நேரே வந்துவிடுகிறார். பணம் கட்டியவர் வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கிறார். ஒரு பெஞ்சில் ஒருவன் பொட்டலத்தைப் பிரித்தால் போதும், மற்ற ஏழு பேரும் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். வாங்கித் தர வசதியில்லாத வீட்டுப் பிள்ளை அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து போய் வேறு இடத்தில் உட்காருவதையும் பார்த்தேன். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பிள்ளை பசியோடு இருக்கிறதே என்ற தவிப்பு எனக்குப் புரியாமலில்லை. வாட்ஸ்அப் குழுவில் 'பிள்ளைகளுக்குப் புல்லைப் போடுகிறார்கள்' என்று வந்த குரல் பதிவையும் கேட்டேன், சிரித்தேன். ஆனால் 'பள்ளி சைவத்தைத் திணிக்கிறது' என்று ஒருவர் எழுதியதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இது சைவம், அசைவம் பஞ்சாயத்து இல்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது நான் மூன்றாம் வகுப்பு. தட்டை ஏந்தி வரிசையில் நின்று சாப்பிட்டு வளர்ந்தவள். 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வந்த முட்டை, பிறகு வாரத்துக்கு ஐந்தானது இந்த ஊர் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் காலையில் கட்டித் தரும் டப்பாவில் மீன் குழம்பு இருந்தாலும் கறி வறுவல் இருந்தாலும் யாரும் திறந்து பார்க்க மாட்டோம், முகம் சுளிக்கவும் மாட்டோம்.

எங்கள் கவலை, தட்டில் சோற்றையும் வறுவலையும் தவிர வேறொன்றும் இல்லாமல் போவதுதான். காலை வழிபாட்டில் தலைசுற்றி உட்கார்ந்துவிடும் பெண்பிள்ளைகளை நாங்கள்தான் தாங்கிப் பிடிக்கிறோம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கீரையிலும் பயறிலும் இரும்புச்சத்து உண்டு. புளிப்பான பழம் கூடச் சேர்ந்தால்தான் உடம்பு அதை நன்றாக உறிஞ்சும். அந்த அரை எலுமிச்சம்பழம் அதற்குத்தான், தயவுசெய்து பந்து விளையாட வேண்டாம் என்று ஏழாம் வகுப்புப் பையன்களிடம் வீட்டிலும் சொல்லுங்கள். புரதம் எங்கே என்று கேட்டவர்களுக்கு: உலர்ந்த கொள்ளு 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம். அரிசியில் குறைவாக இருப்பதைப் பயறு ஈடுகட்டும். சோறும் சாம்பாரும் சேர்த்துச் சாப்பிட்ட நம் பாட்டிகளுக்கு இது தெரிந்த கணக்கு.

ஆகவே திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். வரும் திங்கள் முதல் மதிய இடைவேளையில் கேட்டில் எந்தப் பொட்டலமும் வாங்கப்படாது. டெலிவரி வண்டிகளுக்கு வாசலிலேயே அனுமதி இல்லை. டப்பாவை மறந்த பிள்ளைக்குக் கேன்டீனில் அன்று இலவசச் சாப்பாடு. மருத்துவர் சொன்ன தனி உணவு இருந்தால் ஒரு வரி எழுதிக் கொடுங்கள், அதற்குத் தடை இல்லை. காவலாளி அண்ணனிடம் வாக்குவாதம் வேண்டாம். அவர் என் சொல்லைத்தான் நிறைவேற்றுகிறார். கோபம் இருந்தால் என் அறைக்கு வாருங்கள். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் விற்கக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதியே இருக்கிறது. கடைக்காரரை விலக்கி வைத்துவிட்டு நாமே கம்பி வழியாக நீட்டினால் என்ன அர்த்தம்?

கடுமையாக எழுதிவிட்டேனோ என்னவோ. உங்களில் பெரும்பாலோர் இந்த மூன்று மாதமும் பொறுமையாக ஒத்துழைத்திருக்கிறீர்கள். வாராவாரம் வீட்டு மரத்திலிருந்து முருங்கைக் கீரை ஒடித்து, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டுவந்து இறக்கிவிட்டுச் சொல்லாமல் போகும் அந்த அப்பாவுக்கு மிக்க நன்றி. எந்த வியாழனிலும் வந்து பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். முந்தின நாள் மாலைக்குள் அலுவலகத்தில் சொல்லிவிட்டால் போதும், அரிசி கூடப் போட்டுவிடுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியை

பின்குறிப்பு: எவர்சில்வர் டப்பா மூடிகள் பதினொன்று அலுவலகத்தில் சேர்ந்திருக்கின்றன. அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளவும்.