அக்கா, சந்தைக்குப் போ

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் உன் மறதியைப் பற்றிப் பேச்சை எடுத்தால் "சாப்பிட்டியா"ன்னு கேட்டு மாற்றிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். மருமகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல், அவளும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

காவேரிப்பட்டணம் சந்தைக்குப் போவதையே நிறுத்திவிட்டாயாமே. வீட்டில் முட்டி வலி என்று சொல்லிவைத்திருக்கிறாய். புளி விற்கிற அம்மா "என் பேர் என்ன சொல்லு பாப்போம்"ன்னு விளையாட்டாகக் கேட்டபோது உனக்கு வாயில் வரவில்லை, அவமானமாகிவிட்டது, அதுதானே? அந்த அம்மாவுக்கு எந்த ஊர், அவர் மகளை எங்கே கட்டிக் கொடுத்திருக்கிறார், போன வருஷம் கொட்டை எடுத்த புளியை என்ன விலை சொன்னார், கடைசியில் என்ன விலைக்குக் கொடுத்தார் என்று அத்தனையும் என்னிடம் ஒப்பித்தாய். பெயர் ஒன்றுதான் தொண்டைக்குழியிலேயே நின்றுவிட்டது. வயது ஏற ஏற எல்லாருக்கும் முதலில் நழுவுவது ஆள் பெயர்தான் அக்கா. ஊருக்கும் தொழிலுக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு காரணம் இருக்கும், பெயருக்கு அப்படி ஒன்றும் கிடையாது, அது சும்மா வைத்தது.

நீ மறப்பதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. மறந்ததை மறைக்க நீ படுகிற பாடுதான் கவலையாக இருக்கிறது. மாத்திரை போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் மருமகளைக் கேட்காமல், போட்டதாகவே வைத்துக்கொண்டு விட்டுவிடுகிறாய். அது சுகர் மாத்திரை, விளையாட்டில்லை. கிழமை எழுதின மாத்திரை டப்பா மெடிக்கலிலேயே கிடைக்கிறது, அடுத்த முறை வரும்போது வாங்கி வருகிறேன். (அதியமான் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்துவிட்டான், நம்ம பக்கத்து ஜனங்களுக்கு டப்பாதான் கதி.)

ஆனால் பழசு எதையும் நீ விடவில்லையே. பத்து வயதிலிருந்து முப்பது வயது வரைக்கும் நடந்ததுதான் வயதானவர்களுக்கு அதிகமாக நினைவில் நிற்கிறது என்று ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள். அந்த வயதில்தானே எல்லாமே முதல் தடவையாக நடக்கிறது. உன்னைப் பார்த்தால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது. தாத்தா கட்டிலுக்கு அடியில் வைக்கோல் பரப்பி மாங்காய் பழுக்கப் போடுவார், நாங்களெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்த்துத் திட்டு வாங்குவோம், நீ மட்டும் குனிந்து காம்புப் பக்கம் ஒரு தடவை மோந்துவிட்டு "இது நாளைக்கு, இது ஞாயித்துக்கிழமை" என்பாய். சொன்னபடியே பழுக்கும். பெங்களூராவை மட்டும் தொடவே மாட்டாய், அது கூழ் ஃபேக்டரிக்குப் போகிற காய் என்று ஒரு இளக்காரம். மூக்கு வழியாக வருகிற சேதி, மூளையில் ஞாபகத்தையும் உணர்ச்சியையும் கவனிக்கிற இடத்துக்கு மற்ற புலன்களைவிடக் குறுக்கு வழியில் போய்விடுகிறதாம். இப்போதும் மாம்பழ சீசனில் வைக்கோல் வாசம் அடித்தால் எனக்குத் தாத்தாவின் இருமல் காதில் கேட்கிறது.

அப்புறம் விலாசத்தில் இன்னும் "தர்மபுரி மாவட்டம்" என்றே எழுதுகிறாய் என்று உன் பேரன் சிரிக்கிறானாம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில், அதற்கு முன்னால் பாதி ஆயுசு நீ அப்படித்தான் எழுதினாய். தாத்தாவின் நிலப்பத்திரத்தைப் பார்த்தால் சேலம் மாவட்டம் என்று இருக்கும், தர்மபுரியே 1965-ல் பிரிந்ததுதான். கை பழகினதை எழுதுகிறது, அதற்கெல்லாம் மறதி என்று பெயர் வைக்கக் கூடாது. அவனிடம் சொல்.

சரி, பயப்பட வேண்டியது எது என்றும் சொல்லிவிடுகிறேன், மூடி மறைத்தால் நீ நம்பமாட்டாய். தினம் போகிற பாதையில் வழி தெரியாமல் நிற்பது, கேட்ட கேள்வியையே பத்து நிமிஷத்தில் திரும்பக் கேட்டு, கேட்டதே ஞாபகம் இல்லாமல் இருப்பது, வருஷக்கணக்காகக் கிளறின களியை எப்படிக் கிளறுவது என்று திகைப்பது. இதெல்லாம் வந்தால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். உனக்கு இதில் ஒன்றும் இல்லை. அப்படியும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடு. வைட்டமின் பி12 குறைந்தாலும், தைராய்டு கோளாறு இருந்தாலும் மறதி வரும், இரண்டுக்கும் மருந்து உண்டு. சுகருக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம், நீ அதைத்தான் சாப்பிடுகிறாய். தூக்கம் சரியில்லை என்பதையும் டாக்டரிடம் சொல், அதுவும் சேர்த்துப் படுத்தும்.

இந்த வாரம் சந்தைக்குப் போ. அந்த அம்மாவிடம் "பேர் மறந்துடுச்சு, சொல்லு" என்று நேராகவே கேள், அவர் ஒன்றும் நினைக்கமாட்டார். எனக்கும் இரண்டு கிலோ புளி வாங்கி வை, பழைய புளியாக இருந்தால் நல்லது.

உன் தம்பி