டையர் தீவுக் கடலிலிருந்து அப்பாவுக்கு

கான்ஸ்பாய், தென்னாப்பிரிக்கா
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபோது, சுறா பார்க்க ஆட்களைக் கடலுக்கு அழைத்துப் போகும் படகு நிறுவனத்தில் எனக்கு அப்படி என்னதான் வேலை என்று கேட்டீர்கள். கணக்கு எழுதும் வேலை என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். நான் சொன்னது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. படகில் இடம் மிஞ்சுகிற நாட்களில் நானும் கடலுக்குப் போகிறேன், கூண்டுக்குள்ளும் இறங்கியிருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக இதை உங்களிடம் மறைத்து வைத்திருந்ததற்கு மன்னியுங்கள். இனி மறைக்க மனமில்லாததால் எல்லாவற்றையும் விரிவாகவே எழுதுகிறேன்.

கான்ஸ்பாய், கேப் டவுனிலிருந்து சாலை வழியாக இரண்டு மணி நேரப் பயணத்துக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கும் சிறிய மீன்பிடி ஊர். இங்கிருந்து தென்கிழக்கே போனால் அகுல்காஸ் முனை வரும்; அட்லாண்டிக் பெருங்கடலும் இந்தியப் பெருங்கடலும் அங்கேதான் பிரிகின்றன என்று வரைபடங்கள் வகுத்திருக்கின்றன. நாங்கள் அந்தக் கோட்டுக்கு மேற்கே, அட்லாண்டிக் பக்கம் இருக்கிறோம். ஊருக்கு அடுத்த க்ளைன்பாய் துறைமுகத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் டையர் தீவு இருக்கிறது. அதை ஒட்டிக் கெய்சர் பாறை. தீவில் பென்குவின்களும் பாறையில் சுமார் 60,000 கடல்நாய்களும் வாழ்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஓடும் ஆழமில்லாத கால்வாயைத்தான் 'ஷார்க் அலி', அதாவது சுறாச் சந்து என்று உலகமே அழைத்தது. கடல்நாய்களை வேட்டையாடப் பெருவெள்ளைச் சுறாக்கள் அங்கே வந்ததால் ஏற்பட்ட பெயர் அது.

விடியும் முன்பே படகோட்டி காற்றையும் அலையின் உயரத்தையும் பார்த்து, போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடுவார். அந்த முடிவை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. வண்டிச் சட்டத்தில் ஏற்றிய படகை டிராக்டர் சரிவுமேடை வழியாகத் தண்ணீருக்குள் தள்ளிவிடும். உயிர்காப்புச் சட்டை அணியாமல் யாரையும் படகில் ஏற்றுவதில்லை. துறைமுகத்தின் வாயைக் கடந்ததும் வலப்புறம் தொலைவில் டேஞ்சர் பாயிண்ட் கலங்கரை விளக்கம் தெரியும். 1852-இல் பர்கன்ஹெட் என்ற படைக்கப்பல் மோதி உடைந்தது அங்கேதான். முதல் பயணத்தில் எனக்குத் தலை சுற்றி, வயிறு புரட்டி, பாதி நேரம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே கழிந்தது. பார்வையைத் தொடுவானத்தில் நிறுத்து என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். அதுவே இன்றுவரை எனக்கு உதவுகிறது.

நீங்கள் அஞ்சுவது கூண்டைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும். அது கடலின் ஆழத்துக்குப் போகாது. படகின் பக்கவாட்டில் கட்டிய இரும்புக் கூண்டு மேலே மிதவைகளோடு நீர்மட்டத்திலேயே நிற்கும். உள்ளே இறங்குபவர்களின் தலை தண்ணீருக்கு வெளியில்தான் இருக்கும். முதுகில் காற்றுக் கலனும் கிடையாது. சுறா நெருங்குவதை மேலிருந்து பார்ப்பவர் 'கீழே' என்று குரல் கொடுத்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமிழ வேண்டும், அவ்வளவுதான். தடித்த ரப்பர் உடையும் தலைமூடியும் காலுறையும் அணிந்திருந்தாலும் தண்ணீரின் குளிர் முதல் நொடியிலேயே நெஞ்சைப் பிடிக்கிறது. கோடையில் வெதுவெதுப்பாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் கோடையில் அடிக்கும் தென்கிழக்குக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கிவிட, அடியிலிருக்கும் குளிர்நீர் மேலே வந்துவிடுகிறது. அதனால் வெயில் காலத்திலேயே கடல் சில்லிட்டுப் போகும் நாட்கள் உண்டு.

நான் முதன்முதலில் அமிழ்ந்தபோது பச்சை நிறக் கலங்கலைத் தவிர எதுவும் தெரியவில்லை. பிறகு அந்தப் பச்சைக்குள் ஓர் இடம் மட்டும் அடர்ந்து, உருவமாகி, என் முகத்துக்கு முன்னால் ஒரு கை தொலைவில் ஓசையின்றிக் கடந்து போனது. செம்பழுப்புச் சுறா, இங்குள்ளவர்கள் 'ப்ரான்ஸி' என்று செல்லமாக அழைப்பார்கள். என்னைவிட நீளமான அதன் உடலில் வெளிச்சம் பட்டபோது துலக்கிய செம்புக் குடத்தின் மினுமினுப்பைக் கண்டேன். அதன் கண் என் பக்கம் திரும்பியது, பார்த்தது, பிறகு அதற்கு என்னால் ஆக வேண்டியது எதுவும் இல்லை என்பதுபோல் விலகிப் போனது. செவுள் பிளவுகள் ஐந்தும் மெல்லத் திறந்து மூடுவதைக்கூட எண்ண முடிந்தது. மேலே வந்தபோது நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த நடுக்கம் குளிரால் வந்தது, அப்பா. பயம் எந்த நொடியில் போனதென்று எனக்கே தெரியவில்லை.

சுறாக்களை வரவழைக்க மீன் எண்ணெயும் அரைத்த மீனும் கலந்த நீரைக் கடலில் ஊற்றுவார்கள். கயிற்றில் கட்டிய மீன் துண்டையும், கடல்நாய் வடிவில் வெட்டிய பலகையையும் மிதக்க விடுவார்கள். ஆனால் சுறாவுக்கு இரை கொடுக்கக் கூடாது என்பது அரசு உரிமத்தின் நிபந்தனை. சுறா நெருங்கும்போது கயிற்றை இழுத்துவிட வேண்டும். இந்த வழக்கம் சரிதானா என்ற கேள்வி எனக்குள் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஒரு காட்டு விலங்கை வாசனை காட்டி அழைத்து ஏமாற்றி அனுப்புகிறோமே என்று சில நாட்களில் தோன்றும். அதே நேரம், கூண்டிலிருந்து வெளியே வருபவர்களின் முகத்தை மூன்று ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சுறாவைக் கொல்ல வேண்டிய பிராணியாக நினைத்து இறங்கியவர்கள் அதன் பெயரையும் வயதையும் உணவையும் கேட்டபடி ஏறி வருகிறார்கள். ஆகவே கயிற்றைப் பிடிப்பவரின் கை நேர்மையாக இருக்கும்வரை இந்தப் பயணங்கள் நடக்கலாம் என்பதே என் எண்ணம்.

இனி என் கணக்கைப் பற்றிச் சொல்கிறேன். பணக் கணக்கோடு இன்னொரு பதிவேட்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பயணத்திலும் நீரின் வெப்பம், எவ்வளவு ஆழம் வரை கண்ணுக்குத் தெரிந்தது, காற்றின் திசை, கண்ட உயிரினங்கள் ஆகியவை அதில் ஏறும். பழைய பக்கங்களைப் புரட்டினால் பெருவெள்ளைச் சுறா என்ற பெயர் இல்லாத நாளைத் தேட வேண்டியிருக்கிறது. 2017-க்குப் பிறகு அந்தப் பெயர் மெலிகிறது. நான் வந்த பிறகு எழுதிய பக்கங்களில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உலகிலேயே முதல் நாடாக 1991-இல் இந்தச் சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது தென்னாப்பிரிக்கா. அப்படிக் காக்கப்பட்ட உயிர், அதைக் காண்பதற்கென்றே ஆட்கள் வரும் இந்தக் கடலிலிருந்து விலகிவிட்டது.

2017-இல் இந்தக் கரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருவெள்ளைச் சுறாக்களின் உடல்கள் ஒதுங்கின. அவற்றில் கல்லீரல் இல்லை. சுறாவுக்கு மற்ற பெரும்பாலான மீன்களைப்போல் காற்றுப்பை கிடையாது. எண்ணெய் நிறைந்த பெரிய கல்லீரல்தான் அதை நீரில் மிதக்க வைக்கிறது. அந்தக் கல்லீரலைக் குறிவைத்து எடுத்தவை ஓர்க்காக்கள், அதாவது கொலைகாரத் திமிங்கலங்கள். முதுகுத் துடுப்பு இடப்பக்கம் சாய்ந்த ஒன்றும் வலப்பக்கம் சாய்ந்த மற்றொன்றுமாக இணைந்து திரியும் இரண்டு ஆண் ஓர்க்காக்களுக்கு, படகின் இடவலப் பக்கங்களைக் குறிக்கும் சொற்களால் போர்ட், ஸ்டார்போர்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2023-இல் மோசல் விரிகுடாவில் ஸ்டார்போர்டு தனியாகவே ஓர் இளம் பெருவெள்ளைச் சுறாவை இரண்டு நிமிடங்களுக்குள் கொன்றதை ஆய்வாளர்கள் நேரில் கண்டார்கள். ஓர்க்கா வந்துபோனால் சுறாக்கள் அந்த இடத்தை விட்டே நகர்ந்துவிடுகின்றன.

பழியை முழுக்க ஓர்க்காக்கள் மேல் போட என் மனம் ஒப்பவில்லை. சுறாக்கள் கிழக்குக் கரைக்கு இடம் மாறியிருக்கின்றனவே தவிர எண்ணிக்கை குறையவில்லை என்று சில விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அப்படி ஆறுதல் கொள்ள முடியாது என்று வேறு சிலர் மறுக்கிறார்கள். பெருவெள்ளைச் சுறாவின் இரையான சிறு சுறாக்களைத் தூண்டில் வரிசைகள் போட்டுப் பிடிக்கிறார்கள். டர்பன் கரையில் 1952 முதல் குளிப்பவர்களைக் காக்கவென்று வலை கட்டி வருகிறார்கள். அந்த வலைகளில் இந்தச் சுறாக்களும் சிக்கிச் சாகின்றன. பெண் சுறா குட்டி ஈனும் பருவத்தை அடைய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு மெதுவாக வளரும் ஓர் உயிர் எத்தனை இழப்பைத் தாங்கும்?

இப்போது குளிர்காலம், திமிங்கலங்களின் காலம். ஜூன் முதல் நவம்பர் வரை தென்கடல் ரைட் திமிங்கலங்கள் குட்டி ஈனவும் இணை சேரவும் வாக்கர் விரிகுடாவுக்கும் இந்தக் கரைக்கும் வருகின்றன. மெதுவாக நீந்துவதாலும், கொன்றால் மூழ்காமல் மிதப்பதாலும், வேட்டைக்கு ஏற்ற 'சரியான' திமிங்கலம் என்று வேட்டைக்காரர்கள் வைத்த பெயரை அது இன்னும் சுமக்கிறது. சாதாரணப் படகுகள் 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. உரிமம் பெற்ற படகு மட்டும் 50 மீட்டர் வரை போகலாம். சென்ற செவ்வாய்க்கிழமை இயந்திரத்தின் ஓசையைக் குறைத்து நாங்கள் அப்படி நின்றபோது, தாயும் குட்டியும் தாமாகவே எங்களை நோக்கித் திரும்பின. தாய் மூச்சு விட்டபோது நீர்த்திவலை இரண்டு கிளையாகப் பிரிந்து எழுந்தது. அந்த வாடை எங்கள் உடையெல்லாம் படிந்தது. தாயின் தலையில் வெண்மையான சொரசொரப்புத் திட்டுகள் இருந்தன. ஒவ்வொரு திமிங்கலத்துக்கும் அந்தத் திட்டுகளின் அமைப்பு வேறு. வானிலிருந்து படம் எடுத்து, அதை வைத்தே அவற்றை அடையாளம் கண்டு கணக்கெடுத்து வருகிறார்கள். குட்டி தாயின் முதுகின்மேல் ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தது. படகில் இருந்த யாரும் பேசவில்லை. படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையைத் தாழ்த்திவிட்டார்கள். அம்மா அங்கே இருந்திருந்தால் அழுதிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடல்நாய்ப் பாறையை நெருங்கினால் வாடையும் கூச்சலும் முன்கூட்டியே வந்து சேரும். 2024-இல் இங்குள்ள கடல்நாய்களுக்கு வெறிநோய் இருப்பது உறுதியானதால், யாரும் அவற்றைத் தொடாதபடி எச்சரிப்பதும் இப்போது வேலையின் ஒரு பகுதி.

என்னை அதிகம் வருத்துவது டையர் தீவுப் பென்குவின்கள்தாம். 1970-களின் கடைசியில் இந்தத் தீவில் 20,000-க்கும் அதிகமான இணைகள் கூடு கட்டின. இப்போது ஏறத்தாழ ஆயிரம்தான். உரத்துக்காகப் பறவை எச்சத்தை ஒரு காலத்தில் சுரண்டி எடுத்துவிட்டார்கள்; அந்த எச்சப் படிவத்தைத் தோண்டித்தான் பென்குவின்கள் வளை அமைத்து வந்தன. இன்று வெயில் படாமல் முட்டையிட மனிதர்கள் செய்து வைத்த செயற்கைக் கூடுகளில் குடியிருக்கின்றன. இரையாகும் மத்தியும் நெத்திலியும் குறைந்துவிட்டன. இறகு உதிர்க்கும் மூன்று வாரங்களில் பென்குவின் கடலில் இறங்க முடியாது. அதற்கு முன் தின்று கொழுக்காவிட்டால் கரையிலேயே பட்டினி கிடந்து மடிய வேண்டியதுதான். 2024 அக்டோபரில் இந்த இனத்தை மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். இந்த ஆண்டு மார்ச்சில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, டையர் தீவு உட்பட ஆறு வாழிடங்களைச் சுற்றி 10 ஆண்டுகளுக்கு மத்தி, நெத்திலி பிடிக்கும் வணிகப் படகுகள் வலை வீசக் கூடாது. அந்தச் செய்தி வந்த நாளில் அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம்.

அப்பா, இன்னொரு சுறாவைப் பற்றியும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். நிக்கோல் என்று பெயர் வைத்த பெண் பெருவெள்ளைச் சுறா அது. 2003 நவம்பரில் இந்தக் கடற்கரைப் பகுதியில் அதன் துடுப்பில் கருவி பொருத்தினார்கள். 99 நாட்களில் அது இந்தியப் பெருங்கடலைக் கடந்து மேற்கு ஆஸ்திரேலியாவை அடைந்தது. 2004 ஆகஸ்டில் மறுபடியும் இங்கே நீந்திக்கொண்டிருந்தது. போகவர 20,000 கிலோமீட்டருக்கு மேல். திரும்பி வந்தது அதுதான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? முதுகுத் துடுப்பின் பின்விளிம்பில் இருக்கும் வெட்டுகளும் பிசிறுகளும் நம் கைரேகையைப்போல ஒவ்வொரு சுறாவுக்கும் தனித்தனி. அதன் படத்தை வைத்துத்தான்.

எங்கள் அலுவலகத்திலும் பழைய துடுப்புப் படங்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. காற்று ஓயாமல் படகு போகாத நாட்களில் அவற்றை ஆண்டு வாரியாக அடுக்கி, ஒவ்வொரு துடுப்பின் விளிம்பையும் குறித்து வைக்கிறேன். யாரும் என்னிடம் கேட்ட வேலை இல்லை. இந்தச் சுறாக்கள் எழுபது ஆண்டு வரை வாழக்கூடியவை என்பதால், அந்தப் படங்களில் உள்ளவற்றில் பல இப்போதும் எங்கேயோ உயிரோடு இருக்கக்கூடும். அவற்றில் ஒன்று திரும்பி வரும் நாளில், இது இன்னது என்று சொல்ல இங்கே ஒருவராவது இருக்க வேண்டும் அல்லவா?

நேற்று முன்தினம் காலைப் பயணத்தின் முடிவில், படகு திரும்பும் வேளையில், கால்வாயின் வாயில் ஒரு துடுப்பு இரண்டு முறை தெரிந்து மறைந்தது. படகோட்டி பார்த்தார், நானும் பார்த்தேன். செம்பழுப்புச் சுறாவுக்கு அது மிகப் பெரியதாகத் தோன்றியது. ஆனால் வெயில் எதிரில் இருந்ததால் எடுத்த படத்தில் விளிம்பு தெளியவில்லை. மாலை முழுவதும் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கடைசியில் பதிவேட்டில், 'சுறா ஒன்று, வகை உறுதியில்லை' என்று எழுதி வைத்தேன்.

நாளை வடமேற்குக் காற்று வலுக்கும் என்கிறார்கள். இரண்டு நாட்களுக்குப் படகு போகாது. அம்மாவிடம் கூண்டைப் பற்றி நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். திமிங்கலக் குட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட்டு, பிறகு அதைச் சொன்னால் நல்லது. உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

தங்கள் அன்பு மகள்