மஜெஸ்டிக்கின் முனையில் கை வைக்காதே

அன்புள்ள முரளி,

பதில் போடாமல் இத்தனை நாள் இழுத்தடித்ததற்கு மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு நார்விச்சில் வேலை கிடைத்துவிட்டது. அம்மா உன்னைத்தான் விசாரித்துக்கொண்டே இருக்கிறாள். மற்ற சேதியெல்லாம் அடுத்த கடிதத்தில். உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

பி.எஸ்.ஏ. மஜெஸ்டிக் ஃபெதர்வெயிட் ஒன்று, பார்க்கர்-ஹேல் 1200 ஒன்று. ஒரே மாதத்தில் இரண்டு பழைய வேட்டைத் துப்பாக்கி! சங்கரிடம் சொல்லாதே, 'அப்போ அந்த மூணாவது?' என்று ஆரம்பித்துவிடுவான். தேர்வு நல்ல தேர்வுதான், சந்தேகமே இல்லை. ஆனால் மஜெஸ்டிக்கின் குழல் முனையை வெட்டிவிட்டு, சத்தம் குறைக்கும் மாடரேட்டர் மாட்டப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அது வேண்டாம்டா.

காரணத்தைக் கேள். அந்தக் குழலின் முனையில் இருக்கும் துளைகள் தனியாகத் திருகி மாட்டிய, உதை குறைக்கும் பிரேக் இல்லை. 'பெசா' என்று பி.எஸ்.ஏ. பெயர் வைத்த அந்த அமைப்பு குழலோடு குழலாகவே வெட்டப்பட்டது. கழற்றி வைத்துவிட்டுப் பிறகு மாட்டலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வெட்டினால் போனது போனதுதான். அந்தத் துப்பாக்கியின் எடை ஏறக்குறைய ஆறேகால் பவுண்டு, குழல் 22 அங்குலம். அவ்வளவு லேசான உடம்பில் .270 அளவுத் தோட்டா போட்டால் தோளில் உதைக்கும் என்பதால்தான் பெசாவையே வைத்தார்கள். அதை அறுத்தால் உதையும் கூடும், குழலும் குட்டையாகும். மேலும் ஃபெதர்வெயிட் குழல் முனையில் மெலிசு. அரை அங்குலப் புரி வெட்டினாலே மாடரேட்டர் வந்து உட்காரும் படி, தோள் என்பார்கள், போதுமான அளவு மிஞ்சுமா என்று அளந்துதான் சொல்ல முடியும். தோள் குறுகினால் மாடரேட்டர் சாய்ந்து உட்காரும். சாய்ந்தால் ரவை (குண்டு) உள்தட்டில் உரசும். அப்புறம் மாடரேட்டரும் போச்சு, குறியும் போச்சு.

பெசாவோடு சுட்டால் காது கிழியும், ஒப்புக்கொள்கிறேன். பக்கத்தில் நிற்பவனுக்கு இன்னும் மோசம். காதுக்கு நல்ல மஃப் போடு, பக்கத்தில் ஆளை நிறுத்தாதே. மாடரேட்டர் இல்லாமல் மலைக்குப் போகமாட்டேன் என்றால் அதற்குப் பார்க்கர்-ஹேல் இருக்கிறதே! பி.எஸ்.ஏ. இந்தத் துப்பாக்கியைச் செய்வதை நிறுத்தி வெகு காலமாகிவிட்டது. முனை வெட்டப்படாத ஃபெதர்வெயிட் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. சேர்ப்பவர்கள் முதலில் பார்ப்பதே அந்த முனையைத்தான்.

மஜெஸ்டிக்குக்கு நீ செய்யவேண்டியதெல்லாம் சுத்தம்தான். பெசா துளைகளுக்குள் கரி கல்லாக இறுகியிருக்கும். கார்பன் கரைக்கும் திரவத்தை ஒரு இரவு ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய். எஃகு ஊசி கொண்டு சுரண்டினால் துளையின் ஓரத்தில் பிசிறு எழும், அது ரவையைத் தொடும். துடைப்புக் கோலை எப்போதும் பின்பக்கமிருந்து, கோல் குழலில் உரசாமல் பிடிக்கும் போர் கைடு போட்டுத்தான் விடு. ஸ்கோப்பைத் தாங்கும் மவுண்ட் இன்னொரு தலைவலி. குழலின் பின்னாலிருக்கும் ரிசீவர் மேலேயே பி.எஸ்.ஏ. தன் சொந்த அளவில் டவ்டெயில், அதாவது மவுண்ட் பற்றும் சரிவுக் காடி, வெட்டியிருக்கிறது. ஏர்ரைஃபிள் மவுண்டை இறுக்கி ஒப்பேற்றலாம் என்று கடைக்காரர் யாராவது சொன்னால் நம்பாதே. இரண்டு சுடுதலில் நகர்ந்துவிடும். அந்த டவ்டெயிலுக்கென்றே செய்த பழைய மவுண்டைத் தேடிப் பிடி. கிடைக்காவிட்டால் துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுத்துச் செய்துகொள். ரிசீவரில் புதிதாகத் துளை போட மட்டும் விடாதே.

இனி 1200. உன் ஆசையையெல்லாம் இதில் காட்டு. ஸ்பெயினில் செய்த மௌசர் 98 ஆக்‌ஷன், அதாவது தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பொறி; பர்மிங்ஹாமில் பார்க்கர்-ஹேல் சுத்தியலால் அடித்து வடித்த குழல். ஆயிரக்கணக்கில் வந்தது, அதனால் ஒன்றை மாற்றினால் பாவமில்லை. அந்த எழுபதுகளின் பளபள வார்னிஷையும் கன்னத்துப் பக்கம் சுருட்டி மடித்த கோம்பையும் (கன்னம் வைக்கும் மரமேடு) பிடிக்கவில்லை என்றாயே. எனக்கும் பிடிக்காது. கோம்பைக் குறைக்கலாம், ஆனால் முதலில் ஸ்கோப்பைப் பொருத்தி, கண்ணுக்கு நேராக வருகிறதா என்று பார்த்துவிட்டு ரம்பத்தை எடு. குறைத்த மரம் திரும்பாது.

வேலையை வரிசை மாற்றாமல் செய். முதலில் பெட்டிங், அதாவது உலோகம் மரத்தில் ஆடாமல் உட்கார எபாக்ஸிப் படுக்கை. மரத்துக்கு எண்ணெய் பூசிவிட்டுப் பெட்டிங் போட்டால் எபாக்ஸி ஒட்டாது. ஆக்‌ஷனைக் கழற்றியதும் அதன் வாலான டேங்குக்குப் பின்னாலும், உதையை மரத்துக்குக் கடத்தும் ரீகாய்ல் லக் உட்காரும் இடத்திலும் மரம் கறுத்துப்போயிருக்கும். நாற்பது ஐம்பது வருடம் துப்பாக்கியை நிமிர்த்தி வைத்ததில் எண்ணெய் இறங்கி ஊறிய மரம் அது. சாக்கட்டிப் பொடியை அசிட்டோனில் குழைத்து அப்பி, காய்ந்ததும் தட்டிவிடு. பொடி வெள்ளையாகவே உதிரும்வரை திரும்பத் திரும்பச் செய். விரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு மரம் மெத்தென்று இருந்தால், அதைச் செதுக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தை எபாக்ஸியாலேயே நிரப்பு. பழைய ரெசின் இருந்தால் அதையும் சுரண்டிவிடு.

எபாக்ஸி ஊற்றுமுன் ரீகாய்ல் லக்கின் முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, அடி ஆகிய நான்குக்கும் இரண்டு சுற்று டேப் ஒட்டு. பின்முகத்துக்கு ஒட்டாதே. உதை வாங்கவேண்டியது அந்தப் பின்முகம் மட்டும்தான். மற்ற பக்கங்கள் மரத்தைத் தொட்டால் ஆக்‌ஷனைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் குறி மாறும். திருகுத் துளை, மேகசின் வாய், ட்ரிக்கர் இடம் எல்லாவற்றையும் பிளாஸ்டிசினால் அடை. உலோகத்தில் மெழுகை இரண்டு தடவை பூசு. ஒரு பொட்டு இடம் விட்டாலும் ஆக்‌ஷன் மர ஸ்டாக்கோடு ஒட்டிக்கொள்ளும், கழற்றவே வராது. எதிர்ச்சரிவான குழிக்குள் எபாக்ஸி போய் இறுகினாலும் அதே கதிதான், அப்போது மெழுகும் காப்பாற்றாது. குழலில் டேப் சுற்றி அதை மரத்தின் கால்வாய் நடுவில் நிறுத்து. திருகை முறுக்கி இறுக்காதே, ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டினால் போதும். இறுக்கினால் வளைந்த நிலையிலேயே வார்ப்பு உறைந்துவிடும். குழலின் தடித்த முதல் ஒன்றரை அங்குலத்துக்கு மட்டும் படுக்கை கொடு. அதற்கு முன்னால் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுவிடு. டேங்கின் பின்முனைக்கும் மரத்துக்கும் நடுவில் அரை மில்லி வெளி கட்டாயம். பழைய மௌசர் ஸ்டாக்குகள் டேங்குக்குப் பின்னால் பிளப்பது இந்த அரை மில்லியை விடாததால்தான்.

அடுத்தது பலர் கோட்டைவிடும் இடம். மேகசின் பெட்டி ஆக்‌ஷனுக்கும் ட்ரிக்கர் கார்டுக்கும் நடுவில் நெரிபடக் கூடாது. மரம் சுருங்கிவிட்ட பழைய ஸ்டாக்கில், முன் திருகை இறுக்கும்போது மரத்துக்குப் பதில் பெட்டிதான் இறுகும். ஆக்‌ஷன் நடுவில் வளையும். பார்த்தால் தெரியாது. எல்லாம் மாட்டியபின் மேகசின் பெட்டியை விரலால் அசைத்துப்பார், மயிரிழை ஆடவேண்டும். ஆடாவிட்டால் பெட்டியின் மேல் விளிம்பை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. பிறகு டயல் காட்டியைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில் வைத்து முன் திருகைத் தளர்த்து. முள் 0.05 மில்லிக்கு மேல் நகர்ந்தால் இன்னும் எங்கோ இழுக்கிறது என்று அர்த்தம். மறுபடி ஆரம்பத்துக்குப் போ.

பெட்டிங் இறுகி ஒரு நாள் ஆனதும் மரம். வார்னிஷை உரிக்கத் திரவ ஸ்ட்ரிப்பர் போடு, சாண்ட்பேப்பர் வேண்டாம். பேப்பரால் தேய்த்தால் பிடிக்காக மரத்தில் செதுக்கிய செக்கரிங்கின் வைரக் கட்டங்கள் மழுங்கும், மரம் உலோகத்தைவிடத் தாழ்ந்துபோகும். அடிபட்ட பள்ளங்களுக்கு ஈரத்துணி வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டி நுனியால் ஆவி பிடி, நார் அறுபடாத பள்ளமென்றால் எழுந்துவிடும். அப்புறம் செக்கரிங்கைத் தவிர்த்து, வெற்று மரத்தில் மட்டும் மெல்ல 240, 320, 400 பேப்பர். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஈரம் காட்டி, எழும் பூமயிரைத் தேய்த்து எடு. எண்ணெய்க்கு நம் பழைய முறைதான். அல்கனெட் வேரை நொறுக்கி, சூடுபடுத்தாமல் ஆளிவிதை எண்ணெயில் இரண்டு மூன்று வாரம் ஊறவை. குங்குமச் சிவப்பு இறங்கும். லண்டன் பட்டறைகளின் பழைய வால்நட் ஸ்டாக்குகளில் தெரியும் அந்தச் சிவப்பு இதுதான். முதல் பூச்சு தாராளமாக, அரைமணியில் துடைத்துவிடு. பிறகு விரல்நுனியில் ஒரு சொட்டு, உள்ளங்கையால் சூடு ஏறும்வரை தேய். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. அவசரப்பட்டுக் கெட்டியாகப் பூசினால் மேலே தோல் கட்டும், உள்ளே ஈரம் நிற்கும், மழையில் வெள்ளை பூக்கும்.

மாடரேட்டர் புரி வெட்ட 1200-ஐக் கம்மியரிடம் கொடு. முன்குறியின் திருகுத் துளைக்குப் பின்னால் வெட்டச் சொல். புரி குழலின் வெளிவட்டத்தைப் பார்த்து இல்லை, உள்துவாரத்தை மையமாக வைத்து வரவேண்டும் என்பதை எழுதியே கொடுத்துவிடு. மெருகேற்றிய பழைய குழல்களில் இரண்டும் ஒரே மையத்தில் இருக்கும் என்று நம்பக்கூடாது. வெட்டியபின் வெடியழுத்தம் தாங்கும் என்று சோதித்துக் குத்தும் ப்ரூஃப் முத்திரை வாங்காமல் திரும்ப எடுக்காதே. 1813 முதல் அதற்கென்றே பர்மிங்ஹாமில் ப்ரூஃப் ஹவுஸ் இருக்கிறது.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. பிரிட்டனில் ஈய ரவைக்குத் தடை வருகிறது. 2025 ஜூலையில் அறிவித்துவிட்டார்கள், .243-உம் அதற்கு மேலுள்ளதும் மூன்றாண்டு அவகாசத்துக்குப் பிறகு ஈயம் இல்லாமல்தான். நம் பழைய குழல்கள் செம்பை ஏற்குமா என்று நீ கேட்டது நியாயமான பயம். செம்பு ஈயத்தைவிட லேசு, அதே எடைக்கு ரவை நீளும். நீண்ட ரவை நிலைத்துச் சுழல குழலின் உள்வரிகளில் வேகமான முறுக்கு வேண்டும். .270-இல் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று, அது 130 கிரெய்ன் (ரவை எடை) செம்பைத் தாங்கும். மேகசின் நீளம் இடித்தால் 110-க்கு இறங்கு. குழலில் படிந்த பழைய தாமிரக் கறையை வெறும் எஃகு தெரியும்வரை எடுத்த பிறகே சோதித்துப்பார். இல்லாவிட்டால் குழல்மேல் வீண் பழி விழும். நீயே ரவை நிரப்பினால் லேண்டிலிருந்து (குழலின் உள்வரி மேடு) 50 ஆயிரத்திலொரு அங்குலம் தள்ளி உட்காரவை, செம்புக்கு அந்தத் தாவல் பிடிக்கும். ஸ்காட்லாந்தில் 2023-இல் சிவப்பு மானுக்கான குறைந்தபட்ச ரவை எடையை 100 கிரெய்னிலிருந்து 80-ஆகக் குறைத்ததும் .243 வைத்திருப்பவர்கள் செம்புக்கு மாற வழி விடத்தான். ஆனால் நொடிக்கு 2,450 அடி என்ற வேகம் அப்படியே இருக்கிறது. உன் மைத்துனரின் குட்டைக் குழல் .303-இல் 180 கிரெய்ன் போட்டால் அந்தக் கோட்டைத் தொடாமல் போகலாம். 150-க்கு மாறச் சொல், வேகம் காட்டும் குரோனோகிராஃபில் அளந்துவிட்டுக் கிளம்பச் சொல்.

மஜெஸ்டிக்கின் டவ்டெயிலை முன்னும் பின்னும் வெர்னியரில் அளந்து எழுது. மேல் அகலம், அடி அகலம் இரண்டும் வேண்டும். என்னிடம் இருக்கும் பழைய மவுண்ட் பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிறேன். கம்மியரிடம் ஏற்கெனவே மஜெஸ்டிக்கைக் கொடுத்துவிட்டாய் என்றால், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு அவருக்குப் போன் பண்ணு. அல்கனெட் வேர் தனிப் பொட்டலமாக வருகிறது.

அன்புடன்,
ராஜு